பின்குறிப்பு

கில்கிரிஸ்ட் துரை சொல்லச் சொல்ல எழுதுவேன்.
ஈரம் காயுமுன் மெல்லிய தாளை மேலே வைத்து
இரும்பு அழுத்தியின் திருகைச் சுற்றினால்
கடிதத்துக்கு ஒரு நகல் பிறக்கும்,
மங்கலாய், கொஞ்சம் மைக்கசிவோடு.
அசல் இறம்பொடையிலிருந்து ஓட்டக்காரன் தோளில் கம்பளைக்கு இறங்கி
ரயிலேறிக் கப்பலேறி
டெவன் சீமையில் ஒரு பாதிரியாரிடம் போகும்.
நகல் என் அலமாரியில்.

கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்து
மலையே காய்ச்சல்காரன் நாக்காகிவிட்ட வருஷங்கள்.
மற்றத் துரைமார் கொயினாப் பட்டையை நம்பினார்கள்.
எங்கள் துரை கொயினாப் பூவை.
அகல இலை மரத்தின் பூத்தூளைக்
குறுகிய இலை மரத்தின் பூவுக்குக் கொண்டுபோனது
அணில்மயிர்த் தூரிகை.
தூரிகையைப் பிடித்தது பெருமாயி.
ஏணியில் நின்று ஒவ்வொரு கொத்துக்கும்
மஸ்லின் பை கட்டியதும் அவள்தான்.
கடிதங்களில் அவள் பெயர் 'நான்':
நான் தூவினேன், நான் கட்டினேன், நான் கவனித்தேன்.

முதல் தலைமுறைக் கன்றுகள் நடுத்தரமாய் வந்தன.
பாதிரியார் மகிழ்ந்து எழுதினார்:
நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை,
பச்சையிலிருந்து நீலத்தை இனி யார் பிரிப்பார்?

ஐந்து மழைக்காலம் கழித்து
அந்தப் பச்சையின் விதைகளை விதைத்தோம்.
நூற்று முப்பத்தொரு கன்று.
இருபத்தொன்பதின் இலையடியில்
பழைய குறுகிய மரத்தின் அதே சிவப்பு வெல்வெட்.
"வேற்று விதை விழுந்திருக்கிறது, பிடுங்கிப் போடு" என்றார் துரை.

பெருமாயி என் மேசை ஜன்னலுக்கு வந்தாள்.
"பை கட்டுனது நானு. வேத்து வெத எங்கிட்டு விழும்?
மோராப்போன பாலு திரும்பப் பாலாகுமாங்க?
இது கலக்கலீங்க.
உள்ளாற பதுங்கிக் கெடந்து வந்திருக்கு."

அன்றிரவு நகல் எடுத்து முடித்த பிறகு
கையொப்பத்தின் கீழே வெறுமையாய் நாலு விரற்கிடை.
துரையின் ஆங்கிலத்தில் துரையின் தோரணையில்
அவள் சொன்னதை எழுதினேன். எண்ணிக்கையோடு.
உறையை ஒட்டும்போது
கை நடுங்கியது குளிரால் என்றே வைத்துக்கொள்வோம்.

பதினோரு வாரத்தில் பதில்.
"உமது பின்குறிப்பு என்னை உறங்கவிடவில்லை.
இருபத்தொன்பதா? மறுபடி எண்ணி எழுதும்.
'பதுங்குதல்' என்ற சொல் எங்கிருந்து கிடைத்தது?"

துரை நகற்புத்தகத்தைக் கேட்டார்.
புரட்டிக் காட்டினேன். கையொப்பம். அதன் கீழே வெள்ளை.
என்னைப் பார்த்தார், பிராந்திப் புட்டியைப் பார்த்தார்,
தனக்குள் சிரித்துக்கொண்டார்.
"எழுது, சூசைப்பிள்ளை:
அன்புள்ள நண்பரே, அந்தச் சொல்
ஒரு மாலை நடையில் எனக்குத் தோன்றியது."
எழுதினேன்.
இதற்கு நகல் இருக்கிறது, கசிவில்லாமல்.

மறுபடி எண்ண யாருக்கும் நேரமில்லை.
லண்டனில் பட்டை விலை விழுந்தது.
நாற்றுமேடையைக் கொத்தித் தேயிலை போட்டார்கள்.
பெருமாயியின் முதுகில் கூடை ஏறியது.

சம்பள நாளில் வரிசையில் நின்றவள் கேட்டாள்:
"அந்தச் சீமைச் சாமியாரு என்னா எழுதுனாரு?"
திரும்ப எண்ணச் சொன்னார் என்றேன்.
காசை முடிந்துகொண்டே
பேரேட்டை மோவாயால் காட்டினாள்.
"பிடுங்கிப் போட்டதெல்லாம் லயத்துக்குப் பொறகால ஓடைக்கரையில வச்சிருக்கேன்.
இருபத்தேழு நிக்கிது.
ரெண்ட மரை தின்னுருச்சு.
எழுதிக்கோங்க."